கலப்பின நாய்க்கு நோய் வராதா?

இங்கிலாந்தில் இன்று மக்கள் விரும்பி வாங்கும் செல்ல நாய்களுள் காக்கபூவும் ஒன்று. காக்கர் ஸ்பானியலையும் பூடிலையும் இணைத்துப் பெறும் சிறு நாய் இது. கவலியர் ஸ்பானியலுக்கும் பூடிலுக்கும் பிறப்பது கவபூ. லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறப்பது லாப்ரடூடில். ‘கலப்பினமாதலால் நோய் குறைவு, குணமும் சாந்தம்’ என்று கூறி இவற்றை விற்பவர் பலர். இக்கூற்றின் முற்பாதியை லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்து, 2024 ஆகஸ்டில் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்டனர். அந்த ஆய்வின் நிறைகுறைகளை இங்கே பார்ப்போம்.

கலப்பினம் வலிமையுடையது என்ற கருத்து வெறும் கற்பனையன்று. மக்காச்சோளத்தில் இதைக் கண்ட ஷல் என்ற அமெரிக்க அறிஞர், 1914-இல் இதற்கு ‘ஹெட்டரோசிஸ்’ என்று பெயரிட்டார். வீரிய ஒட்டு விதைகளின் அடிப்படையும் இதுவே. ஆனால் ஒட்டு ரகத்தில் விளைந்ததையே மறுமுறை விதைத்தால் அதே மகசூல் கிடைக்காது என்பதை உழவர் அறிவர். நாய்க்கும் இவ்விதி பொருந்தும். காக்கபூவையும் காக்கபூவையும் இணைத்தால், முதல் தலைமுறையில் கிடைத்த நன்மையில் ஏறத்தாழப் பாதி அடுத்த தலைமுறையில் கரைந்துவிடும்.

ஆய்வாளர்கள் 9,402 நாய்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டினர். மேற்கூறிய மூன்று கலப்பினங்களையும் அவற்றின் பெற்றோர் இனங்களோடு 57 நோய்களில் ஒப்பிட்டனர். மொத்தம் 342 ஒப்பீடுகள். இவற்றுள் 86.6 சதவீதத்தில் வேறுபாடே இல்லை. 7 சதவீதத்தில் கலப்பினத்துக்கு நோய் வாய்ப்பு மிகுதி, 6.4 சதவீதத்தில் குறைவு. எடை ஏறத்தாழச் சமமே.

ஏன் இப்படி? ஒரே நோய்க்கான ஒடுங்கு ஜீன் இரு இனங்களிலும் இருந்தால் கலப்பு காப்பாற்றாது. விழித்திரைச் செல்கள் படிப்படியாகச் சிதைந்து பார்வை போகும் நோய் ஒன்று உண்டு. அதற்கான ஜீன் காக்கர் ஸ்பானியலிலும் இருக்கிறது, பூடிலிலும் இருக்கிறது. அதைச் சுமக்கும் தாயும் தந்தையும் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும். இவ்விரண்டும் இணைந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டு. இணைக்குமுன் ஜீன் சோதனை செய்தால் இதைத் தவிர்த்துவிடலாம். ‘கலப்பினத்துக்குச் சோதனை தேவையில்லை’ என்ற நம்பிக்கையால் இழப்பு அந்தக் குட்டியின் கண்களுக்கே.

இந்த ஆய்வை அப்படியே ஏற்கலாமா? விவரங்களைத் தந்தவர்கள் நாய் வளர்ப்போர், மருத்துவர்கள் அல்லர். அவர்கள் கண்டுகொள்ளாத நோய் கணக்கில் வராது. இவ்வினங்களின் மோகம் அண்மைக் காலத்தது. ஆகவே முதுமையில் தோன்றும் இதய நோய் போன்றவற்றில் தீர்ப்புக் கூறுவதற்குக் காலம் வேண்டும். மேலும், வழக்கமான 5 சதவீத அளவுகோலின்படி 342 முறை ஒப்பிட்டால், 17 வேறுபாடுகள் தற்செயலாகவே தோன்றக்கூடும். ஆகையால் தனித்தனி வேறுபாடுகளைவிட மொத்தச் சித்திரத்தையே நம்ப வேண்டும்.

மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 2013-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. 24 பரம்பரை நோய்களுள் 10 தூய இனங்களில் மிகுதி. 1 கலப்பினங்களில் மிகுதி. 13-இல் வேறுபாடு இல்லை. அது பொதுவாக எல்லாக் கலப்பு நாய்களையும் பற்றியது. எனவே கலப்பினால் பயனே இல்லை என்று கூறுவதும் தவறு. எந்த நோய், எந்தப் பெற்றோர் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

லண்டன் ஆய்வு தொடாதது குணத்தை. ‘காக்கபூ சாந்தமானது’ என்ற வாக்குறுதிக்கு 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு விடை தருகிறது. 18,385 நாய்களைப் பற்றி வளர்ப்போர் அளித்த விடைகளின்படி, நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதமே. குட்டிப் பருவத்தின் பங்கையும் மறக்கலாகாது. ஸ்காட், ஃபுல்லர் என்ற அறிஞர்கள் காக்கர் ஸ்பானியலையும் பசென்ஜியையும் கலந்து ஆராய்ந்து 1965-இல் நூலாக வெளியிட்டனர். ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரையிலான பருவத்தில் மனிதரோடு பழகாத குட்டி பின்னர் அஞ்சி நடுங்கும் என்று அவர்கள் காட்டினர். எத்துணை நல்ல கலப்பாயினும் இருட்டுக் கொட்டிலில் அடைபட்டு வளர்ந்தால் சாந்த குணம் எப்படி வரும்?

ஆகவே குட்டி வாங்குவோர் இனத்தின் பெயரைக் கேட்டு மகிழ்ந்துவிடாமல் மூன்றைக் கேட்க வேண்டும். தாயைக் காட்ட முடியுமா? பெற்றோரின் ஜீன் சோதனை முடிவு எங்கே? முதல் 8 வாரங்கள் குட்டி எங்கே, யாரோடு வளர்ந்தது? இவற்றுக்கு விடை சொல்லாதவரிடம் வாங்காமல் திரும்புவதே நல்லது.