லேபிளை வாசிக்கும் கலை

வரைகலை வடிவமைப்பு பயிலும் மாணவர் தம் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்கும் முதற்கட்டம், படம் வரையும் காலம் அன்று. பொருளைச் சேர்த்து, அடுக்கி, பிரித்து, அதிலிருந்து ஒரு கேள்வியைக் கண்டெடுக்கும் காலம். இந்தியாவில் இத்துறைக் கல்விக்கு முன்னோடியான அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் தோன்றியது. அவ்வறிக்கை, வீட்டில் புழங்கும் செம்பை எடுத்துக்கொண்டு, அதன் உருவம் எந்தெந்தத் தேவைகளால் அமைந்தது என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கிக் காட்டியது. அந்தக் கேள்விமுறையைத் தமிழ்நாட்டில் பயன்படுத்திப் பார்க்க, விருதுநகர் மாவட்டத்தின் தீப்பெட்டி லேபிளையும் பட்டாசு லேபிளையும்விடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது.

1920களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்துச் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த கரிசல் பூமியில் அத்தொழில் வேரூன்றி, பட்டாசுத் தொழிலும் உடன் வளர்ந்தபோது, பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவதற்கு லேபிள் தேவைப்பட்டது. அத்தேவையை நம்பியே ஊரில் லித்தோ அச்சகங்கள் எழுந்தன. இன்று நாட்காட்டிக்கும் டைரிக்கும் பெயர்பெற்ற சிவகாசி அச்சுத்தொழில், இவ்வாறு தீக்குச்சியின் துணைத்தொழிலாகப் பிறந்ததேயாகும்.

லித்தோ என்பது கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்னும் இயல்பைக் கொண்டு, வழவழப்பான சுண்ணாம்புக்கல்லின்மேல் கொழுப்புப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, அச்சுமை தடவினால், மை வரைந்த இடத்தில் மட்டும் பற்றும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் அல்லது துத்தநாகத் தகடு வேண்டும் என்பதால், ஓவியர் தம் படத்தை மனத்துக்குள்ளேயே மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு எனப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மஞ்சளின்மேல் நீலம் விழுந்தால் பச்சை கிடைக்கும்; கூடுதல் தகட்டின் செலவு மிச்சமாகும். கன்னத்தின் நிழலும் சேலையின் மடிப்பும் கையால் இட்ட புள்ளிகளின் நெருக்கத்தாலும் விலகலாலும் உருவாயின.

இவ்வகைப் பழைய லேபிள் ஒன்றைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்ப்பவர், இயந்திரம் இட்ட சீரான புள்ளிகளுக்குப் பதிலாக, பருமனும் இடைவெளியும் மாறிக்கொண்டே செல்லும் கைப்புள்ளிகளைக் காண்பார். சிவப்புத் தகடு மயிரிழை விலகி இறங்கியிருந்தால், உருவத்தின் ஓரத்தில் மஞ்சள் கீற்று எட்டிப்பார்க்கும். இரண்டு அங்குல அளவுள்ள தாளில் எழுத்தையும் உருவத்தையும் தடித்த கறுப்புக்கோடு சூழ்ந்திருப்பது வெறும் அலங்காரம் அன்று. நிறங்கள் சற்றே விலகினாலும் வடிவம் கலையாமல் காக்கும் வேலி அது.

லேபிளின் உருவத் தேர்வுக்கும் காரணம் உண்டு. சிவகாசிச் சரக்கு பல மொழி பேசும் மாநிலங்களுக்குச் சென்றது; வாங்குவோர் பலர் பெயரைப் படித்து வாங்கியவர்கள் அல்லர், படத்தைச் சொல்லிக் கேட்டவர்கள். எனவேதான் சேவலும் அணிலும் நிறுவனங்களின் அடையாளமாயின. குருவி வெடி, லட்சுமி வெடி என்று சரக்கின் பெயரே படத்தின் பெயராயிற்று. தெய்வங்களை நேர்முகமாக நிறுத்தி, பின்னால் இயற்கைக் காட்சியை விரிக்கும் அமைப்பு, சிவகாசி அச்சகங்களுக்கு நாட்காட்டிப் படங்கள் வரைந்த கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜுவையும் (1898–1976) அவர் மாணவர்களையும் நினைவூட்டுகிறது. நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதிய கை அவருடையது.

மாணவரின் தொடக்கப் பணி இங்கே தெளிவாகிறது. சேர்த்த லேபிள்களைச் சுவரில் ஒட்டி, முதலில் உருவத்தின்படியும், பின் நிறங்களின் எண்ணிக்கைப்படியும், அதன்பின் எழுத்துவடிவத்தின்படியும் மாற்றி மாற்றி அடுக்கும்போது, ஒவ்வொரு அடுக்கும் வேறொரு கேள்வியை எழுப்பும். உருவத்தின்படி அடுக்கினால் சந்தை தெரியும். நிறத்தின்படி அடுக்கினால் அச்சகம் தெரியும். எழுத்தின்படி அடுக்கினால் சரக்கு சென்ற திசை தெரியும். இவ்வரிசை இன்றுவரை நீளக்கூடியது: 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின், பசுமைப் பட்டாசின் முத்திரையும் க்யூஆர் குறியீடும் பெட்டியின்மேல் இடம் கேட்டு வந்தன. முன்பு கல்லும் தகடும் விதித்த எல்லையை இன்று சட்டம் விதிக்கிறது.

இந்த லேபிள்களின் பளிச்சென்ற நிறங்களைப் பழைய நினைவின் இனிமைக்காக எடுத்துச் சட்டையிலும் கோப்பையிலும் அச்சிடும் வழக்கம் பெருகியுள்ளது. அதில் தவறில்லை என்றாலும், அது ஆய்வு ஆகாது. சிறிய தாள், குறைந்த நிறம், படிக்கத் தெரியாத வாங்குநர் என்னும் மூன்று நெருக்கடிகளுக்குள் தெளிவான தீர்வு கண்டதே சிவகாசி ஓவியர்களின் சாதனை. ஆதலால் இக்கலையை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர், கணினியில் எழுத்துருவைத் தேடுவதற்கு முன் சிவகாசி அச்சகம் ஒன்றில் தகடு மாறும் நேரத்தில் நின்று பார்ப்பது நல்லது. பெயர் இடாமல் வரைந்து சென்ற அந்த ஓவியர்களுக்குச் செய்யும் முதல் மரியாதையும் அதுவே.