விரல் ஒன்று, கோப்பு வேறு: கணினித் தமிழின் இரு கரைகள்

யாழ்ப்பாணத்து அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் பழகிய ஒருவர். மதுரையில் தட்டச்சுப் பயிலகத்தில் படித்து, அரசு அலுவலகத்தில் வானவில் எழுத்துருவில் கடிதம் அடிக்கும் இன்னொருவர். இருவரும் ‘தமிழ்’ என்று அடிக்கும்போது அவர்களுடைய விரல்கள் ஏறக்குறைய ஒரே இடங்களுக்குத்தான் போகின்றன. ஜெ விசையில் த, கே விசையில் ம. திரையில் தெரிவதும் ஒரே சொல். ஆனால் கோப்புக்குள் போய்ப் பார்த்தால் இரண்டும் வேறு. பாமினி அந்தச் சொல்லை த, ம, விசிறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாக வைத்திருக்கும். வானவில்லில் ‘மி’ ஒரே வடிவம், ‘ழ்’ ஒரே வடிவம். ஆகவே மூன்றே குறிகள். ஒருவருடைய கோப்பை மற்றவருடைய கணினியில் திறந்தால், எழுத்துரு இல்லாத இடத்தில், தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து கிடக்கும். கணினித் தமிழின் சிக்கலைப் பேசும்போது நாம் பெரும்பாலும் விசைப்பலகையைப் பற்றியே சண்டை போட்டு வந்திருக்கிறோம். எந்த அமைப்பு சிறந்தது, எது அறிவியல் முறைப்படியானது, எந்த அரசு எதை அறிவித்தது என்று. இலங்கையையும் தமிழ்நாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கேடு விசைப்பலகையில் இல்லை, கோப்பில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

விரல்கள் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று அறியப்படும் ஆர். முத்தையா 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். இளமையில் மலாயாவுக்குப் போய் அங்கே வேலை பார்த்தார். நூற்றுக்கணக்கான எழுத்து வடிவங்களை ஒரு பொறியின் விசைகளுக்குள் அடக்குவது எப்படி என்று ஆண்டுக்கணக்கில் உழைத்து அவர் கண்ட அமைப்பு, ஜெர்மனியில் வார்க்கப்பட்ட பொறிகளின் வழியே தமிழ் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டுப் பயிலகங்களில் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட தட்டச்சு மரபும், இலங்கை அச்சகங்களில் கணினி வந்தபோது பாமினி தழுவிக்கொண்ட விசை வரிசையும் அந்த மரபின் கிளைகள். கடலின் இரு பக்கமும் தமிழை அடிக்கும் கை ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருந்தது. பொறியின் காலத்தில் இருந்த இந்த ஒற்றுமை கணினியின் காலத்தில் உடைந்தது ஏன் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு அரசுகளும் தரம் வகுக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வெளிவந்தது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டு அதை ஏற்றது. இடக்கையில் உயிரெழுத்துகள், வலக்கையில் மெய்கள். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தில் தானாகப் புள்ளி விழும். ந-வை அடுத்து த வந்தால் ‘ந்த’ என்று அதுவே புரிந்துகொள்ளும். தமிழின் சொல்லமைப்பை நன்கு அறிந்தவர்கள் செய்த அமைப்பு அது என்பதில் எனக்கு ஐயமில்லை. இலங்கை வேறு வழியில் போனது. பழைய தட்டச்சு மரபைத் தழுவிய ரெங்கநாதன் அமைப்பை எஸ்எல்எஸ் 1326 என்ற தரத்தின் வழியே 2008-இல் ஏற்றது. சிங்களத்துக்கு விஜேசேகர தட்டச்சு அமைப்பையே தரமாக்கிய நாடு தமிழுக்கும் பழக்கத்தின் பக்கம் நின்றது. ஆக, ஒரு கரை பழக்கத்தை உடைத்தது, மறுகரை பழக்கத்தைத் தொடர்ந்தது. இரண்டு தரங்களும் தாம் எதிர்பார்த்த அளவுக்கு மக்களின் கைக்குப் போகவில்லை. இன்னொரு சான்றும் உண்டு. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் அமைப்பு, விண்டோஸ் 2000 தொடங்கி இயங்குதளத்தின் உள்ளேயே தமிழுக்கும் கிடைத்தது. காசு கொடுக்க வேண்டாம், எதையும் தேடி நிறுவ வேண்டாம். ஆயினும் தமிழ் அடிப்பவர்களில் அதைப் பழகியவர்கள் மிகச் சிலரே. தரம் என்று அறிவிப்பதும், இலவசமாகக் கொடுப்பதும், அறிவுக்குப் பொருந்துவதாக வகுப்பதும் கையைப் பழக்கப் போதாது. பிழைப்பே கையைப் பழக்கியது. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வில் தேறியவர்தான் அரசுத் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்க முடியும்; ஆகவே தட்டச்சு மரபு அங்கே நிலைத்தது. இலங்கையில் அச்சகமும் பத்திரிகையும் பாமினியில் வேலை கொடுத்தன. ஆகவே பாமினி நிலைத்தது.

இதுவரை இரு கரைகளும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. ஆனால் எழுத்துருவைச் சார்ந்த கோப்பு செய்யும் கேடு இரண்டு இடங்களிலும் ஒரே அளவில் இல்லை. தமிழ்நாட்டு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரும், மாவட்டத் தலைநகரில் கோப்பைப் பெறுபவரும் அதே எழுத்துருவை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். வானவில் கோப்பு அந்த வட்டத்துக்குள் சுற்றும்வரை எந்தக் குறையும் தெரியாது. கோப்பு வெளியே போகும்போதுதான், அதாவது இணையதளத்தில் ஏறும்போது, தேடல் பொறி அதைப் படிக்க முயலும்போது, பத்து ஆண்டு கழித்து ஒருவர் ஒரு பெயரைத் தேடும்போது, அது ஊமை என்பது தெரியவரும். இலங்கையில் வட்டமே அவ்வளவு பெரிதல்ல. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆனால் ஒரு தமிழ்க் கோப்பு போகும் வழியில் உள்ள அலுவலகங்கள் பல சிங்களத்தில் இயங்குபவை. அங்குள்ள கணினியில் பாமினி இருக்கும் என்று நம்ப முடியாது. தமிழ்க் கடிதம் ஒன்று இத்தகைய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தால், அதைப் பெற்றவர் தமிழ் வராத இயந்திரக் கோளாறு என்று ஒதுக்கிவைத்தாலும் குற்றம் சொல்ல முடியாது. சட்டம் தந்த உரிமை ஓர் எழுத்துரு இல்லாமையால் மேசையிலேயே நின்றுவிடும். தமிழ்நாட்டில் இதே பழக்கம் பெரும்பாலும் நினைவையும் தேடலையும் கெடுக்கிறது; இலங்கையில் அது அன்றாட நிர்வாகத்தையே கெடுக்கும். பெரும்பான்மையாக வாழும் இடத்தில் ஒத்திப்போடக்கூடிய சிக்கல், சிறுபான்மையாக வாழும் இடத்தில் ஒத்திப்போட முடியாதது.

தீர்வு இரு இடங்களிலும் வந்தது, ஆனால் வந்த திசை வேறு. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் அரசிடமிருந்து வந்தது. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், யூனிகோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டையும் டேஸ்16 என்ற பதினாறு பிட் குறியீட்டையும் தரங்களாக அரசு ஏற்றது. ஈழத்தவர்களுக்கு அது தனிமனிதர்களிடமிருந்து வந்தது. போரால் சிதறி ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறியவர்கள் பாமினியைத் தங்களோடு கொண்டுபோனார்கள். அதை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகளையும் அவர்களே எழுதினார்கள். ஜெர்மனியில் வாழும் சுரதா செய்த மாற்றியை இணையத்தில் எழுதிய எத்தனையோ பேர் பயன்படுத்தினார்கள். இவற்றோடு கீமேன், இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் ஓர் அரிய வேலையைச் செய்தன. தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி, ஆங்கில ஒலிபெயர்ப்பு என்று பல அமைப்புகளில் பயனருக்குப் பழகியதை அவை அனுமதித்தன. எதில் அடித்தாலும் கோப்பில் போவது யூனிகோட் என்ற நிலையைக் கொண்டுவந்தன. கையையும் கோப்பையும் பிரித்துவிட்ட இந்தச் செயலைத்தான் தமிழ்க் கணினி வரலாற்றின் பெரிய அடியாக நான் கருதுகிறேன். அதற்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

ஒரே விசைப்பலகை இருந்தால் பயிற்சி எளிது, விசைகளில் தமிழ் அச்சிடுவதும் எளிது, இரு நாட்டவரும் ஒரே பாடநூலைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வாதம் உண்டு. இதில் நியாயம் இருக்கிறது. இலங்கையில் மும்மொழியும் அச்சிட்ட விசைப்பலகைகள் கிடைப்பதால் அங்கே ஒரு தரத்துக்கு நடைமுறைப் பயனும் உண்டு. ஆனால் ஒரே அமைப்பு இல்லாவிட்டால் மொழி கெடும் என்பது சரியல்ல. பிரெஞ்சுக்காரருடைய விசைப்பலகை வரிசை வேறு, ஜெர்மானியருடையது வேறு, ஆங்கிலேயருடையது வேறு. ஒருவர் அனுப்பிய கடிதத்தை மற்றவர் எந்தத் தடையுமின்றி வாசிக்கிறார். கோப்பில் உள்ள எழுத்து ஒன்று என்பதே காரணம். முப்பது ஆண்டு பழகிய கையை மாற்றச் சொல்வது ஒருவருடைய வேகத்தையும் வேலையையும் பறிப்பது. கோப்பை மாற்றச் சொல்வது எதையும் பறிக்காது.

மாற்றி இருக்கும்போது பழைய எழுத்துருவிலேயே அடித்துவிட்டுத் தேவைப்படும்போது மாற்றிக்கொள்ளலாமே என்பது அச்சகத்தாரின் பதில். அவர்களுக்கு ஒரு காலத்தில் வேறு வழியும் இல்லை. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் யூனிகோட் தமிழை அறியாது. இன்டிசைனில் தமிழை ஒழுங்காகக் கோக்கும் வசதி 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்போடுதான் கிடைத்தது. ஆனால் மாற்றி முழு விடை அல்ல. பாமினிக் கோப்பில் தமிழும் ஆங்கிலமும் ஒரே குறிகளைப் பங்கிடுகின்றன. எழுத்துரு விவரம் போன வெறும் உரையில் எது ஆங்கிலச் சொல், எது தமிழ்ச் சொல் என்று மாற்றிக்குத் தெரியாது. நடுவே வரும் ஆங்கிலப் பெயரும், மின்னஞ்சல் முகவரியும் பொருளற்ற தமிழாகிவிடும். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னே நிற்கும். யூனிகோடில் பின்னே நிற்க வேண்டும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இருபுறமும் பிரிந்து கிடப்பதால், இடையில் ஒரு வெற்றிடம் விழுந்திருந்தாலும் சேர்ப்பு தவறும். ஒரு பக்கத்தைக் கண்ணால் சரிபார்க்கலாம். ஒரு பத்திரிகையின் இருபது ஆண்டு இதழ்களை யார் சரிபார்ப்பது?

கைப்பேசி வந்தபின் இந்தப் பேச்சே பழையது என்பார்கள். ஒரு வகையில் அவர்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் துணை. கைப்பேசியில் பாமினியில் செய்தி அனுப்புபவர் இல்லை. எந்த ஆணையும் இல்லாமல் குறியீடு ஒன்றாகிவிட்டது. விசை வரிசையில் இன்னும் ஆளுக்கொரு வழி, அதனால் யாருக்கும் நட்டமில்லை. 2017-இல் கூகுள் குரல்வழித் தமிழை இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாகத் தந்தபோதும், பேச்சு நான்காக இருந்தாலும் எழுத்தில் விழுந்தது ஒரே யூனிகோட். ஆனால் கைப்பேசியின் பழக்கம் வினாத்தாள், மனு, தீர்ப்பு, பாடநூல் ஆகியவை உருவாகும் மேசைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையிலும் ஒரு கவலை உண்டு. ல, ள, ழ மூன்றையும் ஆங்கில எழுத்தின் சிறியது, பெரியது, இரட்டை என்று நினைவில் வைக்கும் குழந்தைக்கு, அவை தமிழில் தனித்தனி எழுத்துகள் என்ற உணர்வு மங்கும் என்று நினைக்கிறேன். பள்ளியில் ஏதாவது ஒரு தமிழ் அமைப்பை, தமிழ்99 ஆனாலும் ரெங்கநாதன் ஆனாலும், கற்றுக்கொடுப்பது இதற்காகத் தேவை. எது என்பது இரண்டாம் கேள்வி.

முதல் வேலை பழைய கோப்புகள். இது நடக்கக்கூடியது என்பதற்கு தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமே சான்று: மயிலை போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றிய நூல்களை அத்திட்டத்தினர் திஸ்கி என்ற குறியீட்டுக்கும், பின்னர் யூனிகோடுக்கும் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் தமிழ் இணையக் கல்விக்கழகமும், இலங்கை எழுத்துகளைச் சேமித்துவரும் நூலகம் நிறுவனமும் இதற்கான இடங்கள். ஆனால் கோப்புகள் அவர்களிடம் இல்லை; அச்சகங்களின் பழைய வன்தட்டுகளிலும் அலுவலக அலமாரிகளின் குறுவட்டுகளிலும் கிடக்கின்றன. பாமினி என்ற பெயரில் பல அச்சகங்கள் தமக்கேற்ப வடிவங்களை மாற்றிக்கொண்ட எழுத்துருக்களும் உண்டு. எந்தக் குறி எந்த எழுத்தைக் காட்டியது என்பது அவற்றை அடித்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலர் இப்போது ஓய்வுபெறும் வயதில் இருக்கிறார்கள். கூலி கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்துருவாரியாக அட்டவணை தயாரிக்கும் பணியை இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்தே தொடங்கலாம். அடித்த விரல்கள் ஒரே மரபில் வந்தவை என்பதால் அந்த அட்டவணையில் பாதி இரு கரைகளுக்கும் பொதுவாகவே இருக்கும்.