மன்றத்துக்கு யார் பொறுப்பு

என் அம்மா எந்த நடிகருக்கும் ரசிகையாக இருந்ததில்லை. ஆனால் ஒரு நடிகரின் ரசிகர் மன்றக் கடனைப் பதினான்கு மாதம் அடைத்திருக்கிறாள்.

ஊர் சேத்துப்பட்டு. சென்னைச் சேத்துப்பட்டு அல்ல. ஆரணிக்குத் தெற்கே, தறிச் சத்தத்தோடு விடியும் சேத்துப்பட்டு. நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மன்றத்தின் பொருளாளர். எந்த நடிகரின் மன்றம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் கட்டுரை அவரைப் பற்றியதாகிவிடும். மன்றத்தில் பதினோரு பேர், அதில் ஒன்பது பேருக்குப் பதவி. தலைமை மன்றம் கொடுத்த பதிவு எண்ணைச் சட்டம் போட்டு டீக்கடையில் மாட்டியிருந்தார்கள். ஒரு தீபாவளிக்குப் படம் வந்தது. கட்அவுட், சீரியல் பல்பு, மைக் செட், அன்னதானம் என்று செலவு. முதல் காட்சி டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்றால் போட்ட காசு திரும்பிவிடும் என்பது திட்டம். படம் ஓடவில்லை. தலைவர் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார், செயலாளர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மைக் செட்காரருக்குச் சேர வேண்டிய 3,500 ரூபாய் எங்கள் வாசலில் வந்து நின்றது.

அம்மா பக்கத்து வீட்டுத் தறிகளுக்கும் தார் சுற்றிக் கொடுத்து மாதம் 250 ரூபாயாக அதை அடைத்தாள். "நீ ஏம்மா கட்டணும்?" என்று கேட்டேன். "அவன் பேரு நோட்டீசுல இருக்குது, நம்ம வூடு தெருவுல இருக்குது. கடன்காரன் எங்க வருவான்?" என்றாள்.

முனைவர் பட்டம் வாங்கி, பெண்ணியக் கோட்பாடு பாடம் நடத்தத் தொடங்கிய பிறகும் ரசிகர் மன்றம் பற்றிய ஆய்வுகளில் அம்மாவின் இந்தப் பதிலுக்கான இடத்தை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதி, பின்னர் 'பிம்பச் சிறை' என்று தமிழிலும் வந்த நூல், எம்.ஜி.ஆர். மீது ஏழைகளும் பெண்களும் கொண்ட ஈர்ப்பை விரிவாகப் பேசுகிறது. 1980களில் மதுரையில் களப்பணி செய்த சாரா டிக்கி, மன்றங்கள் இளம் ஆண்களின் இடமாக இருப்பதைப் பதிவு செய்கிறார். இரண்டும் முக்கியமான நூல்கள். இரண்டையும் என் மாணவிகளுக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் நட்சத்திரம் ரசிகருக்கு என்ன தருகிறார், ரசிகர் நட்சத்திரத்துக்கு என்ன தருகிறார் என்ற கொடுக்கல் வாங்கலே அவற்றின் மையம். அந்த ரசிகனின் வீட்டுக்குள் ஓடும் கணக்கு அந்த மையத்துக்கு வருவதில்லை. பெண் அங்கே பார்வையாளராகவோ வாக்காளராகவோ வருகிறாள். கடன் அடைப்பவளாக வருவதில்லை.

தறி வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. புடவையை நெய்பவர் அப்பா. கூலிப் புத்தகம் அவர் பெயரில். தார் சுற்றுவதும் இழை அறுந்தால் முடிச்சுப் போடுவதும் அம்மாவின் வேலை, அதற்குப் புத்தகம் கிடையாது. மன்றமும் அப்படித்தான் நடந்தது. அன்னதானத்துக்கு அரிசி களைந்தவர்கள், வெங்காயம் உரித்தவர்கள், கொடிக்குத் துணி தைத்தவர்கள் எல்லாரும் உறுப்பினர்களின் வீட்டுப் பெண்கள். நோட்டீஸில் கடைசி வரியில் 'மற்றும் ரசிகப் பெருமக்கள்' என்று இருக்கும். அதற்குள்ளும் அவர்கள் இல்லை.

மன்றம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சங்க இலக்கியத்தில் அது ஊரின் பொதுவெளி. மரத்தடியில் ஊர் கூடும் இடம். காதலில் தோற்ற ஆண் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூச் சூடி, ஊரறிய வருவதும் அந்தப் பொதுவெளியில்தான். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் இளைஞனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மடலேறுபவன்தான் நினைவுக்கு வருகிறான். தன் பித்தை ஊரறியக் காட்டும் உரிமை அவனுக்கு உண்டு. பெண் மடலேறுவது மரபில்லை என்று தொல்காப்பியம் விலக்கி வைத்தது. அந்த விலக்கை மீறிப் பெண் குரலில் மடல் பாடத் திருமங்கையாழ்வார் வர வேண்டியிருந்தது, அவரும் ஆண். என் வகுப்பில் ஒரு நடிகரின் படப் பாடல்கள் அத்தனையையும் மனப்பாடமாகச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். மன்றத்தில் சேர்வாயா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "அண்ணனுங்க இருப்பாங்க மேம்" என்றாள் ஒருத்தி. கதவு பூட்டியில்லை, ஆனால் யாரும் உள்ளே போவதில்லை.

உள்ளே இருக்கும் ஆண்களுக்காவது அதிகாரம் இருக்கிறதா? அதுவும் இல்லை என்பதுதான் இந்த அமைப்பின் விசித்திரம். 2011 ஏப்ரல் இறுதியில், தன் நாற்பதாவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, அஜித் தன் மன்றங்களைக் கலைப்பதாக அறிவித்தார். 2021 ஜூலை 12 அன்று ரஜினிகாந்த் தன் மக்கள் மன்றத்தைக் கலைத்து, மீண்டும் ரசிகர் நற்பணி மன்றமாகச் செயல்படும் என்றார். அஜித் செய்ததைப் பொறுப்பான செயல் என்றே நானும் நினைக்கிறேன். தன் பெயரில் பிறர் அரசியல் செய்வதை அவர் விரும்பவில்லை. ஆனாலும் பல ஆண்டுகள் கைக்காசு போட்டு நடத்திய ஓர் அமைப்பு ஒற்றை அறிக்கையில் முடிந்துபோனது. உறுப்பினர்களைக் கூட்டி யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. அதன்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் தொடங்கினால் பொதுக்குழு கூட்ட வேண்டும், வரவு செலவு காட்ட வேண்டும். எங்கள் ஊர் மன்றத்திடம் இருந்த பதிவு எண் அந்தச் சட்டத்தின் கீழ் வாங்கியதல்ல. அது நட்சத்திரத்தின் அலுவலகம் தந்த எண். கணக்கு கேட்கும் உரிமை அதோடு வரவில்லை.

பொருளாளர் பதவி பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 2020 நவம்பரில் விஜய் மக்கள் இயக்கத்தின் பெயரில் ஒரு கட்சியைப் பதிவு செய்ய அவருடைய தந்தை தேர்தல் ஆணையத்தில் விண்ணப்பித்தார். தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மகன் அறிக்கை விட்டார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று ஊடகங்கள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது நான் விண்ணப்பத்திலிருந்த பொருளாளரின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாடகி ஷோபா சந்திரசேகர், விஜயின் தாய். ஒரு சங்கம் தொடங்குவதாகச் சொல்லித்தான் தன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள், கட்சி என்று தெரியாது என்று அவர் அப்போது பேட்டியளித்தார். என் அம்மாவுக்கும் அவருக்கும் வாழ்க்கையில் எந்த ஒற்றுமையும் கிடையாது. அந்தப் பேட்டியைக் கேட்டபோது இருந்ததுபோல் பட்டது.

அந்த இயக்கம் 2024 பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகம் என்ற கட்சியானது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அதன் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் நிறைய. உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றம் யாருடையது என்று தீர்ப்பெழுதுவது என் வேலையல்ல. கைக்குழந்தையோடு ஒருத்தி ஆறு மணி நேரம் நின்றால் தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் எங்கே போவாள் என்று திட்டமிடும் மேசையில் கேட்பதற்கு, எந்தக் கட்சியிலும் எந்த மன்றத்திலும் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே என் கேள்வி.

நிர்வாகம் நமக்குத் தெரியாத கலை அல்ல. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் மீண்டும் அதில் அமரக் கூடாது என்கின்றன. நிலமுள்ள பிராமண ஆண்களுக்கு மட்டுமான சபை அது. அதைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வேறொரு மாதிரியும் உண்டு. 2007இல் அமெரிக்காவில், ரசிகர்கள் எழுதும் கதைகளைக் காப்பதற்காகப் பெரும்பாலும் பெண்கள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதில் எல்லாரும் தன்னார்வலர்கள். நிர்வாகக் குழுவைச் சந்தா கட்டும் உறுப்பினர்கள் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கும் சண்டை உண்டு. 2015இல் பழைய குழுவினர் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். அவர்களுக்குச் சண்டை போட ஒரு கூட்டமாவது இருந்தது.

அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள். ஊக்குநர், பிரதிநிதிகள், தீர்மான நோட்டு, ஒவ்வொருவர் கையிலும் பாஸ் புத்தகம். அதையும் நான் கொண்டாடப் போவதில்லை. ஒருத்தி தவணை தவறினால் மற்ற எல்லாரும் பதில் சொல்ல வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கிறது. நுண்கடன் நிறுவனத்தின் ஆள் வாசலில் உட்கார்ந்திருக்கும் காட்சியை எங்கள் தெரு பார்த்திருக்கிறது. அதே தெருவில் ஆண்களின் மன்றத்திடம் ஒருநாளும் யாரும் தீர்மான நோட்டு கேட்டதில்லை. அவர்கள் செய்வது அமைப்புப் பணி, அரசியலுக்கான முதல் படி. பெண்கள் செய்வது சேமிப்பு.

அம்மா இரண்டு முறை குழுவின் பிரதிநிதியாக இருந்தாள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

போன மாதம் அண்ணன் மகன் வந்தான். அவன் ஒரு மன்றத்தில் துணைச் செயலாளர். நான்குமுனைச் சந்திப்பில் பேனர் வைக்கப் பாட்டியிடம் இரண்டாயிரம் கேட்டான்.

"மொதல்ல கணக்கு நோட்ட எடுத்துக்கினு வா" என்றாள்.

"நோட்டெல்லாம் யாரு ஆயா வச்சிருப்பா?"

"அப்ப வாங்கி எழுத ஆரம்பி. யாரு யாரு எவ்ளோ குடுத்தாங்கன்னு எழுது. எம்பேரு மொத வரில இருக்கணும்."

அவன் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு கோபித்துக்கொண்டு போனான். பணம் அலமாரியில் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அவன் இன்னும் வரவில்லை.