நீர்த்தலும் நீர்த்துப்போதலும்

'நீர்த்தல்' என்னுஞ் சொல் இந்நாளில் இரு துறையில் வழங்குகின்றது. அடர் அமிலத்தை நீரிற் கலந்து பெறுவதை வேதியியலார் நீர்த்த அமிலம் என்பர். ஒரு சட்டத்தின் வன்மை குன்றியவழிச் செய்தித்தாள் எழுதுவோர் அது 'நீர்த்துப்போயிற்று' என்பர். இவ்விரு வழக்கும் ஒன்றோ என்பது ஆராய்தற்குரியது.

குறள் 596-இல் வரும் 'நீர்த்து' என்பது 'தன்மையுடைத்து' எனப் பொருள்படும். தன்மை உடைமையைச் சுட்டிய சொல்லே இன்று தன்மை இழத்தலைச் சுட்டுவதாயிற்று எனக் கொள்ளத் தோன்றும். அற்றன்று. முன்னது குறிப்பு வினைமுற்று. பின்னது தண்ணீரைக் குறிக்கும் பெயரடியாகப் பிறந்த தெரிநிலை வினை. 'குழம்பு நீர்க்க இருக்கிறது' என்னும் அடுக்களை வழக்கே பின்னதற்கு நெருங்கிய உறவு. மோரில் நீர் கூட்டினால் மோர் குறைவதில்லை, செறிவே குறைகின்றது. நீர்மோரை எவரும் பழிப்பதுமில்லை!

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரணாயது. கிளியூர் அருவி வீழும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகளும் (இவர் தமிழ் பேசுநர், கேரளத்தாரல்லர்) அப்பழங்குடியினருள் அடங்குவர். 2018 மார்ச்சு 20-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அச்சட்டத்தின் எழுத்தொன்றையும் நீக்கிற்றிலது. வழக்குப் பதியுமுன் தொடக்கநிலை விசாரணை நடத்தலாம் என்றும், கைது செய்யுமுன் மேலதிகாரியின் இசைவு வேண்டும் என்றும் புதியன கூட்டிற்று. ஆதலின் நீர்த்தல் என்னும் உருவகம் இங்குப் பெரிதும் பொருந்தும். ஒரு பிரிவையே நீக்கியவிடத்து இச்சொல்லை ஆளுதல் வழுவாம். அது குறைத்தலேயன்றி நீர்த்தலன்று.

நாம் உடன்படாதது 'போதல்' என்னும் துணைவினையையே. பால் கெட்டுப்போயிற்று என்புழிப் போல, அது வினையைத் தானே நிகழ்ந்ததாக்கி வினைமுதலை மறைக்கின்றது. மோரில் நீர் தானே வந்து கலவாது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18-அ பிரிவைச் சேர்த்து அந்நிபந்தனைகளை விலக்கிற்று. 2019 அக்டோபர் 1-இல் நீதிமன்றமும் அவற்றைத் திரும்பப் பெற்றது. கூட்டியதற்கும் விலக்கியதற்கும் வினைமுதல் உண்டு. இருந்தும், பின்னதை எழுதுங்கால் 'நாடாளுமன்றம் திருத்திற்று' என எழுவாய் தருவோர், முன்னதை எழுதுங்கால் 'நீர்த்துப்போயிற்று' என்றே அமைகின்றனர். முறையீடு ஏற்கப்படாது மலைக்குத் திரும்பும் ஒருவர்க்கு அத்தொடர் எவரையும் சுட்டாது. 'நீர்க்கச் செய்தது' என எழுவாயொடு எழுதுதல் தமிழில் அரிதன்று.