இருபது வயதுக்கு ஏற்ற கார் ஹெரால்டுதான்!

பழைய கார் என்றாலே தாத்தாக்களின் சொத்து என்று நம் பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். கண்காட்சியில் கயிறு கட்டி நிறுத்தியிருப்பார்கள், பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம், தொடக் கூடாது. இந்த எண்ணத்தை ஒரே மாலையில் தகர்த்துவிடுகிற கார் ஒன்று உண்டு. அது வெளியூர்க் கார்கூட இல்லை. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் தயாரான கார். பெயர் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். என் வீட்டு வாசலில் ஒன்று நிற்கிறது. காரின் மேல் ஆசை வைத்த இளைஞர் யாராக இருந்தாலும், முதல் கிளாசிக் காராக வாங்க வேண்டியது இதைத்தான் என்று எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன்.

காரணம் ஒன்றே ஒன்றுதான். தன்னிடம் இருப்பது அத்தனையையும் திறந்து காட்டுகிற கார் இது. இன்றைய கார்களில் பானெட்டைத் தூக்கினால் கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் கண்ணில் படும். ஒரு விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பைச் செருகித்தான் காரணம் கேட்க வேண்டும். ஹெரால்டில் அந்த வேலையே கிடையாது. கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், காதால் கேட்கலாம். கார் எப்படி ஓடுகிறது என்பதை அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

ஹெரால்டின் பானெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முன் கதவுகளுக்குச் சற்று முன்னால், கீழ்ப்பக்கமாக, இரண்டு புறமும் பக்கத்துக்கு ஒரு கொக்கி இருக்கும். இரண்டையும் விடுவித்துத் தூக்கினால் எழுவது வெறும் மூடி அல்ல. மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேர்ந்த முழு முன்பகுதியே முன்னால் சாய்ந்துவிடும். இன்ஜின், ரேடியேட்டர், ஸ்டியரிங் ராக், சஸ்பென்ஷன், ஸ்பிரிங் எல்லாம் மூன்று பக்கமும் வெட்டவெளியில் நிற்கும். குனிய வேண்டாம், முதுகை ஒடிக்க வேண்டாம். முன் டயரின் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றலாம். இவ்வளவு வசதியான வேலையிடம் வேறு எந்தக் காரில் இருக்கிறது, சொல்லுங்கள்!

இந்த அமைப்பு வந்த கதையும் ருசியானது. 1950களில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பாடியும் சேஸிஸும் ஒன்றாக இணைந்த மோனோகாக் கார்கள் பரவிக்கொண்டிருந்த காலம் அது. முழு பாடியையும் செய்து தர ஆள் இல்லாத நிலையில், ஸ்டாண்டர்டின் பொறியாளர்கள் பழைய முறைக்கே திரும்பினார்கள். தனி சேஸிஸ், அதன்மேல் துண்டுதுண்டாகச் செய்து போல்ட் போட்டு மாட்டுகிற பாடி. அந்தத் துண்டுகளுக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் டுரின் நகரைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கெலோட்டி. கூர்மையான விளிம்புகள், மெல்லிய தூண்கள், அகலக் கண்ணாடிகள், பின்னால் அளவான இரண்டு துடுப்புகள். 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரில் அந்தக் கார் வெளியானது. வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு, அறுபது ஆண்டு கழித்து நமக்கு வரமாக வந்து நிற்கிறது. மட்கார்டு நசுங்கினால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். பொறுமையும் நாலு நண்பர்களும் இருந்தால் பாடியையே சேஸிஸிலிருந்து தனியாகத் தூக்கி வைத்துவிடலாம்.

சென்னைக்கு இது எப்படி வந்தது? ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கப்பட்டது. முதலில் வான்கார்டு, பிறகு சின்ன கார்கள். 1961-ல் ஹெரால்ட். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மதராஸில் ஹெரால்ட் என்று மூன்றே மூன்று கார்களுக்குள் நாடு தேர்ந்தெடுத்த காலம் அது. நம் ஊர்க்காரர்கள் வந்ததை அப்படியே மாட்டி விற்றுக்கொண்டிருக்கவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். குடும்பத்தோடு போகிற நமக்கு அது தோதுப்படாது என்று நான்கு கதவு ஹெரால்டை வண்டலூரில்தான் உருவாக்கினார்கள். பிரிட்டனில் நான்கு கதவு ஹெரால்ட் தயாரானதே இல்லை. 1972-ல் வந்த கஸெல் அதன் அடுத்த தலைமுறை. அதில் நம் சாலைக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் ஏற்றபடி பின் ஆக்ஸிலையே மாற்றினார்கள். 1977-ல் அது நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 1988-ல் கார் தயாரிப்பு முடிந்தது. இன்று உலகக் கார்கள் எத்தனையோ நம் சென்னைச் சுற்றுவட்டாரத்தில் தயாராகின்றன. அவற்றுக்கெல்லாம் முன்னாலேயே ஒரு காரை எடுத்து நமக்கு ஏற்றபடி திருத்தும் துணிச்சல் இந்த ஊருக்கு இருந்தது. அதற்கு சாட்சி அந்த நான்கு கதவுகள். கார்த் தொழிலில் சேரக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெருமையான முன்கதை வேண்டுமா?

சரி, ஓட்டிப் பார்க்க எப்படி இருக்கும்? அற்புதமாக இருக்கும்! 948 சி.சி. இன்ஜின், நாற்பது குதிரைத் திறனை ஒட்டிய சக்தி. எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதீர்கள். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் கம்பி இருந்த நாளில், ஹெரால்டுக்குக் கையருகே தரையில் குட்டையான கியர். ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங் என்பதால் விரல் அசைவுக்கே முன்சக்கரம் பதில் சொல்லும். கார் திரும்பும் வட்டத்தின் விட்டம் சுமார் 25 அடிதான். மயிலாப்பூர் மாட வீதியில் எதிரே வண்டி வந்து, பின்னால் மாடு நின்று, நடுவில் நான் மாட்டிக்கொண்டாலும் கவலையில்லை. ஒரே திருப்பு, வந்த வழியே வெளியே! பார்த்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர்களே கை தட்டியிருக்கிறார்கள்.

விளையாட்டு ரத்தமும் இதில் ஓடுகிறது. 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அழகான ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதன்மேல் எழுப்பியதுதான். ஹெரால்டின் முன்சக்கரம் பொருந்தும் செங்குத்து இணைப்புகளை அந்தக் காலத்து பிரிட்டிஷ் பந்தயக் கார்கள் பலவற்றில் மாட்டியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் நிற்கிற சாதுவான காருக்கு இப்படியொரு உறவு வட்டம்!

இளையவர்களுக்கு இது எப்படிப் பிடித்துப்போகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். அக்கா மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், நான் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, சரிசெய்ய உட்கார்ந்தபோது சும்மா எட்டிப்பார்த்தாள். ராக்கர் கவரின் மேல் இரண்டே நட்டு. கழற்றி மூடியை எடுத்ததும் எட்டு வால்வுகளும் வரிசையாகத் தெரிந்தன. அவள் போனைப் பையில் வைத்துவிட்டு டயரின் மேல் ஏறி உட்கார்ந்தாள். இந்த இன்ஜினுக்கு ஒன்பதுக் கணக்கு உண்டு: ஒன்றாம் வால்வு முழுதாகத் திறந்திருந்தால் எட்டாவதைச் சரிசெய், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை, எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. நான் மெல்ல இன்ஜினைச் சுற்றினேன்.

"மாமா, நில்லுங்க! ஒண்ணு முழுசா கீழ போயிருச்சு. அப்ப எட்டுதானே?"

"எட்டேதான். ஃபீலர் கேஜை உள்ள விடு. லேசா உரசணும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது."

திருப்புளியை வைத்துக்கொண்டு நட்டை இறுக்கினாள். மறுபடி கேஜை இழுத்துப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "காலேஜ்ல வெட்டி வச்ச இன்ஜின்ல பாத்ததுதான் மாமா. ஆனா இது நிஜமா ஓடப் போகுதே!" என்றாள். எட்டையும் முடித்து, மூடி, ஸ்டார்ட் செய்தோம். டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்த சத்தம் அடங்கி, இன்ஜின் சீராக முணுமுணுத்தது. தான் செய்த வேலையைத் தன் காதாலேயே கேட்டுவிட்டாள். அடுத்த நாள் காலையில் நான் எழுவதற்கு முன்பே சாவி அவள் கையில் இருந்தது.

அன்று அவள் கற்ற இன்னொரு பாடம் ட்ரனியன். முன்சக்கரம் திரும்புவதற்காக, கீழே மரை போட்ட ஒரு வெண்கலத் துண்டு இருக்கிறது. அதற்குக் கெட்டியான கிரீஸ் அல்ல, தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே வறண்டு துருப்பிடித்தால் அதில் திரும்பும் இரும்புக் கம்பி ஒருநாள் முறிந்து சக்கரமே மடங்கிவிடலாம். ஆயில் கன் கொண்டு அடித்து, புது எண்ணெய் கசிந்து வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் நிறுத்த வேண்டும். எந்த உலோகத்துக்கு எது தேவை, ஏன் தேவை என்று ஒரு கார் இவ்வளவு தெளிவாக வேறெங்கே கற்றுத்தரும்?

ஆசை வந்துவிட்டதா? வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். பெயின்டின் பளபளப்பில் மயங்க வேண்டாம். காருக்கு அடியில் படுத்து சேஸிஸைப் பாருங்கள். பக்கவாட்டில் நீளும் கைகளையும் பின்பகுதியையும் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். துரு உதிர்ந்தால் விலையைக் குறையுங்கள் அல்லது நகர்ந்துவிடுங்கள். இன்ஜின் பாகங்களுக்குப் பயமில்லை. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழையது கிடைக்கும். ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் பொதுவான பல பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகவே விற்கின்றன. ஆனால் நான்கு கதவு மாடலின் பின்கதவு அங்கே கிடைக்காது. அது நம் ஊர்ச் சரக்கு. எனவே கதவுகள் நல்ல நிலையில் இருக்கும் காராகத் தேர்ந்தெடுங்கள். இப்போது பெரும்பாலும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது, அது பழைய ரப்பரைத் தின்றுவிடும். ஆகவே வாங்கியவுடன் பெட்ரோல் குழாய்கள், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஓட்டும்போதும் அதன் குணம் அறிந்து ஓட்டுங்கள். கஸெலுக்கு முந்தைய ஹெரால்டில் பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஆடும். வேகமாக வளைவில் நுழைந்துவிட்டுத் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எகிறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் சீராக இழுத்துப் போனால் தங்கமாகப் போகும். கார் ஓட்டும் கலையே அதுதானே! சீட் பெல்ட் இல்லாவிட்டால் முதல் வேலையாக மாட்டுங்கள்.

காகிதத்திலும் கவனம் தேவை. ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, பெயர் மாற்ற முடியுமா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஐம்பது ஆண்டைத் தாண்டி, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம், 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிறுதோறும் ஈ.சி.ஆர். போக ஆசை என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது. எம்.எஸ். என்று தொடங்கும் அந்தப் பழைய நம்பரோடு போகும் அழகே தனி!

ஹெரால்ட் வைத்திருக்கும் பெரியவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உறை போட்டு மூடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனையும் பெண்ணையும் கூப்பிட்டு ஸ்பேனரைக் கையில் கொடுங்கள். கையில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டட்டும், சோக்கை இழுத்து அவர்களே ஸ்டார்ட் செய்யட்டும். ஒரு சுற்று ஓட்டவும் விடுங்கள். பழைய காரின் ஆயுள் அதை நேசிக்கும் அடுத்த கையில்தான் இருக்கிறது.

இளைஞர்களே, நீங்களும் காத்திருக்காதீர்கள். சென்னையில் பழைய கார்ப் பேரணி நடக்கும் நாளில் வாருங்கள். கோவை போனால் ஜி.டி. கார் மியூசியத்தையும் பார்த்துவிடுங்கள். பேரணியில் முன்பகுதி முழுவதையும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஹெரால்ட் நிற்பதைப் பார்த்தால் தயங்காமல் கிட்டே போங்கள், கேளுங்கள், தொட்டுப் பாருங்கள். அந்த வண்டிக்காரர் ஒன்றாம் வால்விலிருந்து ஆரம்பிப்பார். மாலைக்குள் நீங்களும் எங்களில் ஒருவர்!