நூல் இசைந்தும் ஊர் இசையாத காதல்

நம் நாட்டுத் தமிழ்ச் சிறுகதைகளில் கலப்புமணத்தைப் பொருளாகக் கொண்டவை பல. அவற்றுள் ஒரு காட்சி பெரும்பாலும் தவறாது வரும். பெரியவர் சமயநூலைக் காட்டித் தடுப்பார்; இளைஞன் அதே நூலில் வேறோர் இடத்தைக் காட்டி அவரை மடக்குவான்; பெரியவர் தலைகுனிவார்; மாலை மாற்றப்படும். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயின் வாதத்தில் வென்ற நூல்விதி ஒரு பெண்ணையேனும் மணப்பந்தலுக்குக் கொணர்ந்ததுண்டா என்று கேட்பின், விடை அத்துணை எளிதன்று. நூல்வாதத்தில் யூதரை விஞ்சியவர் அரியர். அவரிடையே, அதிலும் நமக்கு அறிமுகமான கொச்சியிலே நிகழ்ந்ததைக் கொண்டு இக்காட்சியைச் சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் வாதத்தின் வலிமையைக் காண்போம். மோவாபியர் சபைக்கு உட்படலாகாது என்பது உபாகமத்தின் விதி. ரூத்தோ மோவாபு நாட்டுப் பெண். போவாசை மணந்து, தாவீது அரசனின் பாட்டனைப் பெற்றவள். விதியை விட்டால் வேதம் கெடும். பிடித்தால் தாவீதின் குலமே கெடும். தால்மூது ஆசிரியர்கள் சொல்லை நோக்கினர். மூலம் ஆண்பாற் சொல்லால் கூறிற்று. ஆகவே விலக்கப்பட்டவன் மோவாபியனே, மோவாபியள் அல்லள் என்றனர். அங்ஙனமாயின் பிற விலக்குகளையும் இவ்வாறே கொள்ளலாமே என்று தடை எழுந்தது. பாலைவழி வந்தோர்க்கு அப்பமும் நீரும் கொண்டு எதிர்செல்லாமையே மோவாபியர் குற்றம். எதிர்சென்று உபசரித்தல் ஆடவர் வழக்கன்றிப் பெண்டிர் வழக்கன்று என விடையும் பிறந்தது. சேனாவரையர் கேட்டிருப்பின் புன்முறுவல் பூத்திருப்பார். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூத் மணந்து மக்களைப் பெற்றுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே இவ்விளக்கம் ஏட்டில் ஏறியது. மணம் முன்னே நடந்தது. தருக்கம் பின்னே வந்து அதற்கு வழிவிட்டது.

கொச்சியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 16ஆம் நூற்றாண்டில் அங்குள்ள யூதருள் ஒரு சாரார், மற்றொரு சாராரை அடிமை வழியினர் எனக் கூறி மணவுறவு மறுத்தனர். வழக்கு கெய்ரோவிலிருந்த பேரறிஞர் தாவீது இபின் அபி சிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீராட்டுச் சடங்கு நிறைவேறினால் அவர்கள் முழு யூதரே, மணத்துக்குத் தடையில்லை என்று அவர் தீர்ப்பளித்தார். அவர்க்குப் பின் யாக்கோபு காஸ்திரோவும் அவ்வாறே உரைத்தார். இதனினும் தெளிவான விடை வேண்டுமா? எனினும் 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசி ஆலயத்தில், விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோர் ஏனையோரோடு சமமாக அமரவும், வேதம் ஓத அழைக்கப்படவும் நெடுங்காலம் உரிமை பெற்றிலர். பெண் கொடுத்தலும் கொள்ளலும் பேச்சுக்கே இடமில்லை. இத்தடை வேதம் கற்பித்ததன்று. சுற்றிலுமிருந்த சாதிமுறை கற்பித்தது என்பதே என் துணிபு.

அவ்வழியில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967). பெயரைக் கண்டு நம் சேலத்துக்காரர் என்று எண்ணிவிட வேண்டா! சென்னையில் பயின்ற வழக்கறிஞர் அவர். வாதமே தொழில், நூல்விதியும் தம் பக்கம். இருந்தும் அவர் வாதத்தை மட்டும் நம்பியிருந்தாரல்லர். காந்தியடிகளின் வழியில் ஆலயத்துக்குள்ளேயே அறப்போர் நடத்தினார். 'யூத காந்தி' எனப் பெயர் பெற்றார். சிறிது சிறிதாக ஆலயத்தில் இடம் கிடைத்தது, மணவுறவு கிடைத்திலது. 1950இல் அவர் மகன் பால்ஃபர், 'வெள்ளை யூதர்' எனப்பட்டோர் குடும்பத்துப் பெண்ணை விரும்பி மணந்தபோதுதான் அந்தத் தடை முதன்முதல் உடைந்தது. அம்மணமும் கொச்சியில் நடக்கவில்லை, பம்பாயில் நடந்தது. கெய்ரோத் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய 400 ஆண்டுகள்!

அதன்பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறினர். கூட்டு வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆடவரைச் சேர்ப்பதும் அங்கே அரிதாயிற்று. (கெலுகோரிலிருந்து நகருக்குச் செல்லும் நம்மவர் அறிந்த நாகூர் சாலையில், 1929இல் திறந்த யூத ஆலயம் 1976இல் மூடப்பட்டதும் ஆள் குறைந்ததனாலேயே.)

தருக்கம் கதவை அடைக்கவும் வல்லது. கொங்கணக் கடற்கரையின் பெனே இஸ்ரேல் மக்கள் இஸ்ரேலில் மணப்பதற்கு, 1962இல் அந்நாட்டுத் தலைமைக் குருபீடம் தாய், பாட்டி வழியெல்லாம் ஆராயச் சொல்லிற்று. முன்னோரின் மணவிலக்குகள் முறைப்படி நடந்தனவோ என்பது ஓர் ஐயம். இதில் ஒரு விந்தை உண்டு. வேற்றினத்தான் மதம் மாறி வந்தால் அவன் மணத்துக்குத் தகுந்தவன். பிறப்பில் ஐயமுள்ள யூதனோ தகாதவன். யூதனாயிருந்ததே குற்றமாயிற்று! கிளர்ச்சி மூண்டு, நாடாளுமன்றமும் தலையிட்டு, 1964இல் அவ்வாணை மாற்றப்பட்டது. மாற்றியது புதிய உரை அன்று. தெருவில் அமர்ந்த மக்கள்.

இவற்றை வைத்துக்கொண்டு நம் கதைகளுக்கு வருவோம். அகப்பொருள் இலக்கணத்தில் 'அறத்தொடு நிற்றல்' என ஒரு துறை உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுதும் அதுவே. அங்கே தோழி செவிலியிடம் நூல்விதி காட்டி வழக்காடுவதில்லை. யானை வந்ததையும், வெள்ளம் இழுத்ததையும், அவன் காத்ததையும் நடந்தவாறே சொல்கிறாள். செவிலியை மடக்குவது அவள் நோக்கமன்று. நடந்ததை அவளும் காணும்படி செய்வதே நோக்கம். நம் கதாசிரியர்களின் இளைஞனோ பட்டிமன்றத்தில் பேசுகிறான். பள்ளிகளில் இத்தகைய கதைகளைப் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியப் பெருமக்கள் இவ்வேறுபாட்டைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெரியவரின் நிலையும் அப்படியே. மேற்கோளால் மடக்கப்பட்ட பெரியவர் உண்மையில் தலைகுனிவதில்லை. "நீ சொல்வது சரிதான், தம்பி, ஆனாலும்..." என்று இழுப்பார். கொச்சியில் அந்த 'ஆனாலும்' எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்று கண்டோம். அவர் அவ்வாறு இழுத்தபின் என்ன நிகழ்கிறது என்று எழுதிய கதை ஒன்று நம் போட்டிகளுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.