ரீஸ்டார்ட் எதைச் சரிசெய்கிறது?

"கேஷைக் கிளியர் பண்ணிட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." வலைச் செயலிகளைப் பராமரிக்கிறவர்கள் இந்த வரியைக் கேட்காத வாரம் இருக்காது. பயனர் காரணமில்லாமல் லாக்அவுட் ஆகிறார், பழைய விலையே திரையில் நிற்கிறது, கூடையில் போட்ட பொருள் காணாமல் போகிறது. எந்தப் புகார் வந்தாலும் முதலில் செய்வது இதுதான். பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. பலிக்கிறது என்பதாலேயே இந்தப் பழக்கத்தை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை.

இதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எச்டிடிபி நெறிமுறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி குக்கியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் டாம்காட் போன்ற சர்வர், பயனரிடம் 'ஜேசெஷன்ஐடி' என்ற குக்கியைக் கொடுத்துவிட்டு, அவரைப் பற்றிய விவரங்களை 'செஷன்' என்ற பெயரில் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இயல்பு அமைப்பில், 30 நிமிடம் அவரிடமிருந்து எதுவும் வராவிட்டால் அழித்துவிடும். குக்கியை ஏற்காத ஒரு ரோபோ இடைவிடாமல் பக்கங்களைக் கேட்டால், செயலி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய செஷனைத் திறந்துவிடக்கூடும். 30 நிமிடக் கெடு முடிவதற்குள் நினைவகம் நிரம்பிவிடும். நள்ளிரவில் அப்படித் திணறும் சர்வரை ஓடவிட்டுக் காரணம் தேடிக்கொண்டிருந்தால் பயனருக்கு என்ன பயன்? ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் நாம் அறிந்த ஒரு நிலைக்குத் திரும்புகிறது. சேவையை மீட்க இதைவிட விரைவான வழி பல நேரங்களில் இல்லை. இதை அனுபவசாலிகள் சிலர் ஏளனம் செய்வது சரியென்று எனக்குப் படவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சரியாகாத கோளாறுகூட ரீஸ்டார்ட்டுக்குப் பின் சரியானதுபோல் தோன்றும். 'பயனர் திடீரென லாகின் பக்கத்துக்கு வந்து விழுகிறார்' என்ற ஒரே புகாரை எடுத்துக்கொள்வோம். கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர்கள் இருக்கின்றன. செஷன் ஒன்றின் நினைவகத்தில் மட்டும் இருக்கிறது. கோரிக்கை மற்றதற்குப் போய்விடுகிறது. இது ஒரு காரணம். ஒரு சர்வரை நிறுத்திய உடனே எல்லாக் கோரிக்கைகளும் மிச்சமிருக்கும் ஒன்றுக்கே போகும், புகார் நின்றுவிடும். இரண்டும் மறுபடி ஓடத் தொடங்கியதும் புகாரும் திரும்பும். செஷன்களும் கேஷும் ரெடிஸ் என்ற ஒரே நினைவகத் தரவுக் கிடங்கில் இருப்பது இன்னொரு காரணம். நினைவக வரம்பைத் தொட்டதும் நெடுநாள் தொடப்படாதவற்றை வெளியேற்றும்படி ரெடிஸை அமைத்திருப்பார்கள். அதன் கண்ணில் பழைய விலைப்பட்டியலும் உயிரோடிருக்கும் செஷனும் ஒன்றுதான். மொத்தத்தையும் துடைத்தால் எல்லாரும் லாக்அவுட் ஆகி, மீண்டும் நுழைந்து, இடம் நிரம்பும்வரை நிம்மதியாக இருப்பார்கள். கேஷுக்கு ஒரு ரெடிஸ், செஷனுக்கு எதையும் வெளியேற்றாத தனி ரெடிஸ் என்று பிரிக்கும்வரை இது தீராது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. என் பார்வையில் அதுதான் மிக ஆபத்தானது. 2020-ல் குரோம், 'சேம்சைட்' என்ற பண்பு குறிப்பிடப்படாத குக்கிகளை வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட் கோரிக்கைகளோடு அனுப்புவதை நிறுத்தத் தொடங்கியது. பணம் கட்டி முடித்ததும் பயனரைப் போஸ்ட் முறையில் கடைக்குத் திருப்பி அனுப்பும் பேமென்ட் கேட்வேக்கள் பல. குக்கி வராததால் கடை அவரை அடையாளம் காணாது. பணம் போயிருக்கும், திரையில் லாகின் பக்கம் நிற்கும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய தளங்கள் முறிந்துவிடக் கூடாது என்பதற்காக, உருவாகி இரண்டு நிமிடத்துக்குள் இருக்கும் குக்கிக்குக் குரோம் விலக்கு கொடுத்தது. ரீஸ்டார்ட் செய்துவிட்டு, புதிதாக லாகின் செய்து, சட்டென்று பணம் கட்டிப் பார்க்கிற சோதனையாளருக்கு எல்லாம் சரியாகவே நடக்கும். பத்து நிமிடம் பொருள் தேடி, ஓடிபி வரக் காத்திருந்து பணம் கட்டுகிறவர்தான் மாட்டிக்கொள்வார். ரீஸ்டார்ட் இங்கே எதையும் தொடவில்லை. ஆனால் 'சரியாகிவிட்டது' என்று எழுதி டிக்கெட்டை மூடுவதற்கான ஆதாரத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது.

இந்த மூன்றையும் பிரித்தறிய லாகில் ஒரு வரி இருந்தால் போதும். குக்கி வரவே இல்லையா, அல்லது வந்த அடையாளம் சர்வருக்குத் தெரியவில்லையா? வரவில்லை என்றால் உலாவிப் பக்கம் பார்க்க வேண்டும். வந்தும் தெரியவில்லை என்றால், டாம்காட்டில் 'ஜேவிஎம்ரூட்' அமைத்திருக்கும்பட்சத்தில், அடையாளத்தின் வாலிலேயே அதை உருவாக்கிய சர்வரின் பெயர் ஒட்டியிருக்கும். கோரிக்கை தவறான சர்வருக்கு வந்ததா என்பது அப்போதே தெரிந்துவிடும். ரெடிஸ் தான் வெளியேற்றியவற்றின் எண்ணிக்கையைத் தானே சொல்லும். நான் பார்த்த செயலிகள் பலவற்றில் செஷன் தொடங்கியது பதிவாகிறது, ஏன் முடிந்தது என்பது பதிவாவதில்லை. அடையாளத்தை முழுசாக லாகில் எழுதக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லாகைப் படிக்கிற எவரும் அதை வைத்து இன்னொருவர் கணக்குக்குள் நுழையலாம். ஹாஷ் செய்தே எழுத வேண்டும்.

ரீஸ்டார்ட் ஆனதும் நினைவகத்தில் இருந்த சாட்சியங்கள் அத்தனையும் போய்விடும். எத்தனை செஷன்கள் இருந்தன, எந்த த்ரெட் எதற்காகக் காத்திருந்தது என்பதெல்லாம் பிறகு ஊகம்தான்.

கேஷைத் துடைப்பது பாதிப்பில்லாத காரியம் என்ற நம்பிக்கைக்கு 2010 செப்டம்பர் 23 அன்று ஃபேஸ்புக்கில் நடந்தது நல்ல மறுப்பு. கேஷில் தவறான அமைப்பு மதிப்பைக் கண்டால் அதை நீக்கி, மூலத்திலிருந்து சரியானதை எடுத்துவைக்கும் தானியங்கி ஏற்பாடு அங்கே இருந்தது. அன்று மூலத்திலேயே பிழையான மதிப்பு ஏறிவிட்டது. அதைக் கண்ட எல்லாப் பக்கங்களிலிருந்தும் தரவுத்தளத்துக்கு விநாடிக்கு லட்சக்கணக்கான வினவல்கள் பாய்ந்தன. நெருக்கடியில் தரவுத்தளம் பிழை திருப்பியபோது, அதையும் தவறான மதிப்பாக எடுத்துக்கொண்டு அந்த ஏற்பாடு கேஷில் இருந்ததை மறுபடி நீக்கியது. சுமை இன்னும் ஏறியது. மூலப் பிழையைத் திருத்திய பிறகும் அந்தச் சுழல் நிற்கவில்லை. தளத்தையே நிறுத்திவைத்துத்தான் மீள முடிந்தது. பலருக்கு இரண்டரை மணி நேரம் தளம் கிடைக்கவில்லை. பரபரப்பான நேரத்தில் மொத்தக் கேஷையும் காலி செய்கிறவர் சிறிய அளவில் இதையே தன் தரவுத்தளத்துக்குச் செய்கிறார். பகுதி பகுதியாகச் செய்யலாமே!

ஆனால் யோசிக்காமல் உடனே துடைக்க வேண்டிய தருணம் ஒன்று உண்டு: ஒருவருடைய பக்கம் இன்னொருவருக்குத் தெரியும்போது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடைத்தளம் தாக்குதலுக்கு உள்ளானது. சமாளிக்க அவசரமாகப் போட்ட கேஷ் அமைப்பு ஒன்று, லாகின் செய்தவர்களின் பக்கங்களையும் சேமித்துப் பிறருக்குக் கொடுத்துவிட்டது. சுமார் 34,000 பேரின் பக்கங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனம் பின்னர் சொன்னது. சிலவற்றில் முகவரியும் வாங்கிய பொருள்களின் பட்டியலும் இருந்தன. அவர்கள் கடையையே மூடினார்கள், அது சரி. தனிமனிதரின் விவரம் கசியும்போது சாட்சியம் இரண்டாம்பட்சம்.

ஆனால் பிழையைத் திருத்தாமல் துடைப்பது மட்டும் போதாது என்பதற்கு 2021-ல் கிட்ஹப்பில் நடந்தது கூர்மையான எடுத்துக்காட்டு. மார்ச் 2-ஆம் தேதி வெளியிலிருந்து ஒரு புகார் வந்தது. மிக அரிதாக, ஒருவருடைய செஷன் வேறொருவரின் உலாவிக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, 0.001 சதவீதத்துக்கும் குறைவான செஷன்களில்தான். 5-ஆம் தேதி ஒரு திருத்தம், 8-ஆம் தேதி இன்னொன்று. இரண்டும் போட்ட பிறகுதான், அதே 8-ஆம் தேதி, எல்லாப் பயனர்களையும் லாக்அவுட் செய்தார்கள். முதல் நாளே துடைத்திருந்தால் அடுத்த நிமிடத்திலிருந்து அதே பிழை புதிய செஷன்களையும் குழப்பியிருக்கும்.

இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் சிறிய தளத்தில் ரீஸ்டார்ட்டுக்கு முன் சாட்சியம் சேர்க்க நேரம் ஏது என்று கேட்கலாம். எந்த த்ரெட் எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுக்க விநாடிகள் போதும். நினைவகத்தையே நகலெடுக்கும் ஹீப் டம்ப் அப்படியல்ல. பெரிய நினைவகமாக இருந்தால் எடுத்து முடியும்வரை சர்வர் உறைந்து நிற்கும், எடுத்த கோப்பில் பயனர்களின் ரகசியங்களும் இருக்கும். எனவே கோளாறான சர்வரை லோட் பேலன்சரிலிருந்து கழற்றிவிட்டு எடுக்க வேண்டும். ஒரே சர்வர்தான் என்றால் த்ரெட் டம்ப், செஷன் எண்ணிக்கை, ரெடிஸின் புள்ளிவிவரம் ஆகிய மூன்றையும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டில் போட்டு, ரீஸ்டார்ட் கட்டளைக்கு முன்னால் அது ஓடும்படி கட்டிவிடலாம். எழுத ஒரு மதியம் ஆகும்.